பங்கை கார்டினல்: ஜோடி சேர்ப்பது முதல் குஞ்சு தேற்றுவது வரை

பவளப் பாறை மீன்களில் பெரும்பாலானவை தங்கள் குஞ்சுகளை நீரோட்டத்திடம் ஒப்படைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, வாரக்கணக்கில் மிதந்து, பிழைத்திருந்தால் ஏதோ ஒரு பாறையில் ஒதுங்கும். பங்கை கார்டினல் அப்படி விடுவதில்லை. பெண் இட்ட முட்டைத் திரளை ஆண் மீன் வாயில் வாங்கிக்கொள்கிறது. பொரித்த பின்பும் குஞ்சுகளை வெளியே விடாமல், மொத்தம் கிட்டத்தட்ட ஒரு மாதம் வாயிலேயே வைத்துக் காக்கிறது. வெளியே வரும்போது குஞ்சுக்கு 8 மி.மீ. நீளம் இருக்கும், தாய் தகப்பனுக்கு உள்ள அதே கருங்கோடுகளும் துடுப்புகளும் முழுதாக இருக்கும். அன்றைக்கே வேட்டையாடவும் தொடங்கிவிடும்.

இந்த மீனை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அனைத்தும் இந்த ஒரு குணத்திலிருந்தே கிளைக்கிறது. வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுக்க முடிவது இதனால்தான். சொந்தக் கடலில் இது அருகிவருவதற்கும் இதுவே பெரிய காரணம்.

இந்தோனேசியாவில், மத்திய சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பங்கைத் தீவுகள்தான் இதன் ஊர். 1920-இல் வால்டர் கௌடர்ன் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் அங்கே சேகரித்த மீன்களை வைத்து, 1933-இல் மீனியலாளர் கௌமன்ஸ் இதற்கு டெராபோகான் கௌடர்னி என்று பெயரிட்டார். பிறகு அறுபது ஆண்டுகள் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1994-இல் மீனியலாளர் ஜெரால்ட் ஆலன் மீண்டும் கண்டு அறிவித்ததும் அலங்கார மீன் வணிகம் பாய்ந்து வந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆறேழு லட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். இது வாழத் தோதான பரப்போ மொத்தம் சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான். குஞ்சு நீரோட்டத்தில் போவதில்லை என்பதால், ஒரு தீவின் கரையில் மீன் தீர்ந்துபோனால் பக்கத்துத் தீவிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. போதாததற்கு, இது அண்டி வாழும் கடல் முள்ளெலிகளையும் (சீ அர்ச்சின்) கடல் சாமந்திகளையும் (சீ அனிமோன்) அங்கே உணவுக்காகச் சேகரிக்கிறார்கள். 2007-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியல் இதை அழியும் நிலையில் உள்ள இனமாகச் சேர்த்தது. 2016-இல் அமெரிக்காவும் தன் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

அதனால் முதல் விதி: தொட்டியில் பிறந்த மீனையே வாங்குங்கள். கடலில் பிடித்தது விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இதைக் கடலின் மேல் உள்ள அக்கறையால் மட்டும் சொல்லவில்லை. கடலில் பிடித்த பங்கை கார்டினலில் பல வீடு வந்து ஒரு மாதம் தாண்டாமல் போவதைப் பழைய ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காரணம் ஒரு வைரஸ்.

கடையில் பார்க்க வேண்டியவை

அந்த வைரஸ் மெகலோசைட்டிவைரஸ் வகை. பொதுவாக இரிடோவைரஸ் என்பார்கள். மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பிடித்த மீன்களை நெருக்கி வைக்கும் தொட்டிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகப் பரவும். தொற்றிய மீன் முதலில் சாப்பாட்டை விடும், நிறம் கறுக்கும், மூச்சு வாங்கும், ஒரு மூலையில் அசையாமல் நிற்கும், வெள்ளை நூல் போலக் கழியும். அதற்குப் பிறகு சில நாட்கள்தான். மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்பது வீண். வைரஸை அது ஒன்றும் செய்யாது, தொட்டியின் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

கடையில் மீனைப் பக்கவாட்டில் மட்டும் பார்க்காமல் எதிரே நின்று, தலைக்குப் பின்னால் முதுகுச் சதையைப் பாருங்கள். அங்கே ஒட்டிப்போய் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால், அது பல நாளாகச் சாப்பிடாத மீன். கண்ணில் பால் படர்ந்திருக்கக் கூடாது. கடைக்காரரிடம் கொஞ்சம் உணவு போடச் சொல்லி, அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அதே தொட்டியில் ஒரு பங்கை செத்துக் கிடந்தால், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தொட்டியில் பிறந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடிய வேண்டும். வந்திருக்கும் மீன்கள் அனைத்தும் ஒரே அளவில், 3 செ.மீ. அளவுக் குட்டிகளாக இருந்து, குருணைத் தீனியைத் தயங்காமல் கொத்தினால் அது நல்ல அறிகுறி. வளர்ந்த மீனும் குட்டியும் கலந்து, உயிருள்ள தீனியைத் தவிர வேறெதையும் தொடாமல் நின்றால் கடலில் பிடித்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தனிமைத் தொட்டி

தொட்டியில் பிறந்த மீனாக இருந்தாலும் 30 நாள் தனியே வையுங்கள். 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். மணல் வேண்டாம், கழிவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வெறும் தரைதான் வசதி.

மீனை விடும்போது பலர் செய்யும் தவறு, பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்ப்பது. நெடுநேரம் மூடியிருந்த பையில் அமோனியா சேர்ந்திருக்கும். கரியமில வாயுவும் சேர்ந்து பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) இறங்கியிருப்பதால் அந்த அமோனியாவின் நஞ்சு அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியாவின் நஞ்சும் கூடவே ஏறும். ஆகவே பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு திறந்து, உப்பு அளவை (நீரின் ஒப்படர்த்தி எண்ணாக) பார்த்து, வித்தியாசம் 0.002-க்குள் இருந்தால் உடனே மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பல கடைகள் 1.020 அளவில் வைத்திருப்பார்கள். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, தனிமைத் தொட்டியையும் அதே அளவில் தயார் செய்து, பிறகு நாளுக்கு 0.001 வீதம் 1.025 வரை ஏற்றினால் மீனுக்கு அலுப்பே தெரியாது.

நன்றாகச் சாப்பிட்டும் வயிறு ஒட்டியே இருந்தால் குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். பிராசிகுவான்டல் லிட்டருக்கு 2.5 மி.கி. வீதம் கலந்து, ஐந்தாறு நாள் கழித்து நீரை மாற்றி மறுபடி ஒரு முறை. மருந்து போட்ட நாட்களில் காற்றுக்கல் கட்டாயம் ஓட வேண்டும். நீரில் ஆக்சிஜன் குறையும்.

பெரிய தொட்டி

ஒரு ஜோடிக்கு 120 லிட்டர் போதும். 90 x 45 x 45 செ.மீ. தொட்டி, பாறை மணல் போக 150 லிட்டர் நீர் பிடிக்கும். ஜோடியோடு இரண்டு கோபி, ஒரு ஜோடி கிளவுன் மீன் வைக்க அது நல்ல அளவு. இது நீந்தித் திரிகிற மீன் இல்லை. கடலில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில், அலையடங்கிய விரிகுடாக்களில், கடற்புல் நடுவே முள்ளெலியின் மேலே தொங்குவது போல நிற்கும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை எதிர்ச்சுவரில் மோதும்படி வைத்து, பாறைக்குப் பின்னால் நீரோட்டம் படாத ஒரு மூலையை விட்டு வையுங்கள். மீன் நாள் முழுக்கத் துடுப்படித்துக்கொண்டே இருந்தால் ஓட்டம் அதிகம் என்று பொருள்.

பாறையைப் பற்றி ஒரு வார்த்தை. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் எடுத்தது என்று யாராவது செத்த பவளக் கல்லை 'லைவ் ராக்' என்று விற்றால் வாங்காதீர்கள். அது குற்றம், மன்னார் வளைகுடாவுக்கு இழைக்கும் தீங்கும்கூட. செயற்கைப் பீங்கான் பாறை அல்லது வார்த்துச் செய்த பாறை 12 முதல் 15 கிலோ வாங்கி, கழிவை முறிக்கும் பாக்டீரியா அதில் வளர, அமோனியம் குளோரைடு கொண்டு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அமோனியா ஏற்றி, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை காத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாறையை மலைபோல் குவிக்காமல், அடியில் குகை விட்டு, நடுவில் திறந்த வெளி விட்டு அடுக்குங்கள்.

நீருக்கு, கடற்கரையில் குடத்தில் மொண்டு வருவதைத் தவிர்ப்பது நல்லது. மழைக்குப் பிறகு உப்பு தாழ்ந்திருக்கும். நகரத்துக் கரையில் சாக்கடையும் கலந்திருக்கும். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ எந்திரத்தின் நீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 30, 50 என்று நிற்கும். அதோடு மிச்ச உப்பையும் நீக்கும் ஒரு டிஐ ரெசின் குழாயைச் சேர்த்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் உப்புக் கலவை சேர்த்தால் 1.025 கிடைக்கும். உப்பளவு அப்படியே நிற்க வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்ஓ நன்னீரை மட்டுமே ஊற்றுங்கள், உப்பு நீரை அல்ல. நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழ், காரத்தன்மை (ஆல்கலினிட்டி) 8 முதல் 9 டிகேஎச், வாரம் பத்து சதவீதம் நீர் மாற்றம். இந்த மீன் இதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

வெப்பம்தான் நம் ஊரில் உண்மையான தலைவலி. 25 முதல் 27 டிகிரி நல்லது. 28, 29 வரை தாங்கும், பங்கைத் தீவுக் கடலே அப்படித்தான். சென்னையில் மே மாதம் மூடிய அறைக்குள் விளக்கும் மோட்டாரும் ஓடும் தொட்டி 32-ஐத் தொட்டுவிடும். வெப்பம் ஏற ஏற நீர் தாங்கும் ஆக்சிஜன் குறைகிறது. வாய் நிறைய முட்டையோடு நிற்கும் ஆணுக்கு மூச்சுவிடுவதே பாடாகிவிடும். சம்பின் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியின்) மேல் சிறு மின்விசிறி ஓட விட்டால் இரண்டு டிகிரி இறங்கும். ஆனால் கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த உதவி குறைவு. 150 முதல் 200 லிட்டருக்கு நீரைக் குளிர்விக்கும் 1/10 குதிரைத் திறன் சில்லர் வாங்குவதே நிம்மதி. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

சேர்த்து வைக்கக் கூடியவை: கோபிகள், ஃபயர்ஃபிஷ், ஆசெல்லாரிஸ் கிளவுன், கிளீனர் இறால். டாம்சல், டாட்டிபேக், ஹாக்ஃபிஷ், டிரிகர், லயன் வேண்டாம். அவை எல்லாம் இதைத் தின்றுவிடும் என்பதல்ல. டாம்சல் போன்றவை இது வாயைத் திறப்பதற்குள் உணவை முடித்துவிடும். பவளங்களை இது தொடுவதே இல்லை. மிகச் சிறிய இறாலை மட்டும் இரையாக நினைக்கும்.

உணவுப் பழக்கம்

பெரும்பாலான கார்டினல் மீன்கள் இரவில் இரை தேடுபவை. பங்கை பகலில் தின்னும். நீரில் மிதந்து வரும் சிறு உயிர்களை நின்ற இடத்திலேயே கவ்வுவது இதன் வழக்கம். தரையில் விழுந்ததைக் குனிந்து பொறுக்காது. ஒரே தடவையில் கொட்டாமல், நாளுக்கு இரண்டு மூன்று முறை, சிரிஞ்சால் மீனுக்கு மேலே நீரோட்டத்தில் விடுவதே சரி. புது மீனுக்கு முதல் வாரம் உயிருள்ள ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிற்றிறால்). பிறகு உறைய வைத்த மைசிஸ் இறாலைக் கலந்து, மூன்றாவது வாரம் 1 மி.மீ. குருணை. மைசிஸைப் போடுமுன் பனிக்கட்டியை உருக்கி, வடிகட்டி, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டியில் பாஸ்பேட் ஏற்றுவதில் அந்த நீருக்குப் பங்குண்டு.

ஜோடி

புகைப்படங்களில் இவை கூட்டமாக அழகாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஐந்து ஆறு வாங்கி விடுகிறார்கள். குட்டிப் பருவத்தில் கூட்டமாகத்தான் இருக்கும். முதிர்ந்ததும் ஒரு ஜோடி சேரும்; அந்த ஜோடி மற்றவற்றை ஒவ்வொன்றாகத் துரத்தி முடித்துவிடும். 200 லிட்டருக்குள் இதற்கு விலக்கு அபூர்வம். ஒரு மீன் நீர்மட்டத்து மூலையில் ஒட்டிக்கொண்டு, துடுப்பு கிழிந்து, உணவுக்கு வராமல் நின்றால், அன்றே அதை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். 'பழகிவிடும்' என்று காத்திருந்தால் மறுநாள் காலை பிணமாகத்தான் கிடைக்கும்.

ஆண் பெண் பிரித்தறிய நம்பகமான வெளி அடையாளம் இல்லை. இரண்டாம் முதுகுத் துடுப்பு நீண்டிருந்தால் ஆண் என்பார்கள். அதை நம்பி வாங்கியவர்கள் இரண்டு ஆண்களோடு நின்றிருக்கிறார்கள். வளர்ந்த ஆணின் கீழ்த்தாடை சற்றுச் சதுரமாக, கனத்து இருக்கும் என்பது கொஞ்சம் மேல், அதுவும் பழகிய கண்ணுக்குத்தான். உறுதியான வழி: நான்கைந்து குட்டிகளை வாங்கி வளர்த்து, இரண்டு எப்போதும் ஒட்டியே நின்று மற்றவற்றை விரட்டத் தொடங்கியதும், அவற்றை விட்டுவிட்டு மீதியைப் பிரித்து எடுப்பது. எடுத்தவற்றுக்கு வேறு வீடு முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அந்த ஏற்பாடு இல்லாதவர்கள், ஏற்கெனவே முட்டையிட்ட ஜோடியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது நல்லது.

வாய் நிறைய முட்டை

எட்டுப் பத்து மாதத்தில் மீன் முதிரும். முட்டையிடுவதற்கு முந்தைய நாட்களில் இரண்டும் பக்கம் பக்கமாக நின்று உடலை நடுக்கும். ஆண் அடிக்கடி வாயை அகலத் திறந்து பார்க்கும். முட்டைகள் ஆரஞ்சு நிறத்தில், ஒவ்வொன்றும் 3 மி.மீ. அளவில், திரளாக ஒட்டியிருக்கும். பெண் வெளியிட்ட சில நொடிகளில் ஆண் முழுதையும் வாயில் வாங்கிவிடும். நாற்பதிலிருந்து அறுபது முட்டை வழக்கம்.

மறுநாள் காலை அடையாளம் தெளிவாகத் தெரியும். ஆணின் தொண்டை தொங்கும். வாய் முழுதாக மூடாது. உணவு போட்டால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அவ்வப்போது முட்டைகளை வாய்க்குள் உருட்டிவிடும். அந்த நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், பின்னால் எல்லாமே அந்தத் தேதியை வைத்துத்தான். முதல் இரண்டு மூன்று ஈடுகளை இளம் ஆண் பாதியில் விழுங்கிவிடுவது சாதாரணம். கவலைப்பட வேண்டாம், அடுத்த முறை அதிக நாள் பிடித்து வைக்கும். பழகிய ஆணே திடீரென விழுங்கினால், யாரோ துரத்துகிறார்கள், அல்லது வெப்பம் ஏறியிருக்கிறது, அல்லது அது பசியால் மெலிந்திருக்கிறது.

26 டிகிரியில் இருபதாவது நாள் வாக்கில் முட்டை பொரியும். மஞ்சள் கரு தீரும்வரை குஞ்சுகள் இன்னும் ஒரு வாரம் பத்து நாள் உள்ளேயே இருக்கும். வெப்பம் கூடினால் நாள் குறையும். இருபத்திரண்டு, இருபத்து மூன்றாம் நாளில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஆண் வாயைத் திறக்கும்போது உள்ளே குட்டிக் கண்கள் தெரியும்.

பெரிய தொட்டியிலேயே விட்டுவிட்டால் குஞ்சுகள் ஒரே இரவில் காணாமல் போகும். மற்ற மீன்கள் மட்டுமல்ல, பெற்றவர்களும் தின்பார்கள். தப்பியவற்றை வழிந்தோடும் குழாய் இழுத்துக்கொள்ளும். ஆகவே பொரித்த பிறகு, வெளியே விடுவதற்குமுன் ஆணை இடம் மாற்ற வேண்டும். இருபத்து மூன்றாம் நாளுக்கு முன்னால் அவசரப்பட வேண்டாம். முட்டையாக இருக்கும்போது மிரண்டால் துப்பிவிடும், துப்பிய முட்டையைக் காப்பாற்றுவது கடினம். குஞ்சாகிவிட்ட பிறகு துப்பினாலும் பிழைக்கும்.

பிடிக்கும் முறை: விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, மங்கிய டார்ச்சோடு போங்கள். இருட்டில் இது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். வலை வேண்டாம், முள் சிக்கும், மூச்சு முட்டும், வாயைத் திறந்துவிடும். இரண்டு லிட்டர் தெளிவான பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் மெல்லச் சாய்த்து, கையால் பின்னாலிருந்து ஒதுக்கினால் தானே உள்ளே வரும். நீரோடு தூக்கி, அதே தொட்டியின் நீர் நிரப்பிய 40 லிட்டர் குஞ்சுத் தொட்டியில் விடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே பெரிய உதவி. குஞ்சுகள் வெளியே வந்ததும் ஆணை உடனே திருப்பி அனுப்புங்கள். ஒரு மாதப் பட்டினி அதற்கு, எது அசைந்தாலும் தின்னும்.

குஞ்சு ஏன் திடீரென்று சாகிறது

இதுதான் இந்தப் பதிவில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி. குஞ்சுகள் முதல் நாளிலிருந்தே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைத் தின்னும். வயிறு ஆரஞ்சாக உப்பும். இரண்டு வாரம் அமோகமாக இருக்கும். பிறகு ஒரு நாள் நீங்கள் விளக்கைப் போடுவீர்கள், அல்லது கதவு படீரென்று சாத்தும். குஞ்சுகள் சுழன்று, துடித்து, தரையில் விழும். சில எழும், பல எழாது. நீரைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

நீர் காரணமில்லை, ஆர்ட்டீமியாதான் காரணம். கடல் மீன் குஞ்சின் மூளைக்கும் நரம்புக்கும் டிஎச்ஏ, இபிஏ எனும் கொழுப்பு அமிலங்கள் வேண்டும். ஆர்ட்டீமியாவில் இயல்பாக டிஎச்ஏ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வயிறு நிறைந்தும் சத்தில்லாத குஞ்சு, சின்ன அதிர்ச்சியையும் தாங்காது. ஆகவே ஆர்ட்டீமியாவுக்கு முதலில் நாம் சத்தூட்ட வேண்டும். அதைச் செய்கிறவர்களும் பல நேரம் தவறான நேரத்தில் செய்கிறார்கள்.

பொரிக்கும் முறை இது. 2 லிட்டர் பெட் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். 1 லிட்டர் நீரில் 25 கிராம் உப்பு, 1 கிராம் ஆர்ட்டீமியா முட்டை, அடிவரை காற்றுக் குழாய், மேலே ஒரு விளக்கு. 28 டிகிரி தேவை. நம் ஊரில் அறை வெப்பமே போதும். 20 முதல் 24 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சுக் கூட்டம் அடியில் சேரும். ஓடு கலக்காமல் அடியிலிருந்து உறிஞ்சி, 120 மைக்ரான் சல்லடையில் பிடித்து நன்னீரில் அலசுங்கள். ஓட்டை விழுங்கிய குஞ்சுக்குக் குடல் அடைக்கும்.

இப்போது முக்கியமான இடம். பொரித்தவுடன் ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது. தன் கருவை வைத்தே வாழும். சுமார் எட்டு மணி நேரம் கழித்து ஒரு முறை தோலுரித்த பிறகுதான் தின்னத் தொடங்கும். அதற்குமுன் சத்துக் குழம்பைக் கலந்தால் நீர்தான் கெடும், உள்ளே எதுவும் போகாது. ஆகவே அலசியதைப் புதிய உப்பு நீரில் விட்டு, எட்டு மணி நேரம் கழித்து, டிஎச்ஏ நிறைந்த சத்துக் குழம்பை அதன் புட்டியில் சொன்ன அளவுக்குக் கலந்து, பலமாகக் காற்று விட்டு 12 மணி நேரம் வையுங்கள். பிறகு நன்றாக அலசி உடனே குஞ்சுகளுக்குக் கொடுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வெளியே கிடந்தால் ஊட்டிய சத்தை ஆர்ட்டீமியாவே செலவழித்துவிடும். இரண்டு பாட்டில்களை 12 மணி நேர இடைவெளியில் மாற்றி மாற்றி ஓட்டினால் தட்டுப்பாடே வராது.

முதல் ஓரிரு நாள் மட்டும் புதிதாகப் பொரித்ததைக் கொடுக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து சத்தூட்டியதுதான், நாளுக்கு நான்கு முறை, பத்து நிமிடத்தில் தீரும் அளவு. ஒரு மாதத்தில் நறுக்கிய மைசிஸ், இரண்டு மாதத்தில் பொடிக் குருணை. கூடவே அதிர்ச்சியையும் குறையுங்கள்: தொட்டியின் மூன்று பக்கமும் கருப்புத் தாள் ஒட்டுங்கள், அறை விளக்கைப் போட்டு அரை மணி கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள், இரவில் மிக மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். காலையும் மாலையும் தரையிலிருந்து கழிவை உறிஞ்சி, நாளுக்குப் பத்து சதவீதம் நீரைப் பெரிய தொட்டியிலிருந்து மாற்றுங்கள்.

செயற்கை முள்ளெலி

கடலில் குஞ்சு வாயிலிருந்து வந்ததும் நேராக டயடெமா எனும் நீள முள் கடல் முள்ளெலியின் இடுக்குக்குள்ளோ கடல் சாமந்தியின் கைகளுக்குள்ளோ போய்விடும். குஞ்சுத் தொட்டியில் அப்படி ஒன்று இல்லையென்றால் குஞ்சுகள் மூலைக்கு மூலை சிதறி, உணவைத் தேடி வராமல் மெலியும். உண்மையான டயடெமாவை அவ்வளவு சிறிய தொட்டியில் வைக்க வேண்டாம். பாசி போதாமல் சாகும், நீரைக் கெடுக்கும், உங்கள் விரலையும் குத்தும்.

50 மி.மீ. பிவிசி எண்ட் கேப் ஒன்றை எடுத்து, அதன் மேலும் பக்கங்களிலும் 3 மி.மீ. துளைகள் ஐம்பது போடுங்கள். 15 செ.மீ. கருப்பு கேபிள் டைகளை உள்ளேயிருந்து வெளியே இழுங்கள். தலைப்பகுதி உள்ளே தங்கிவிடும். உள்பக்கத்தை இடைவெளி விடாமல் மீன் தொட்டி சிலிகானால் நிரப்புங்கள், காற்றுக் குமிழ் தங்கினால் மிதக்கும். பூஞ்சைத் தடுப்பு சேர்த்த குளியலறை சிலிகான் கூடவே கூடாது. அவ்வளவு தடிப்பான சிலிகான் உலர ஒரு வாரம் ஆகும். வினிகர் வாடை முழுதும் போன பிறகு இரண்டு நாள் நன்னீரில் ஊற வைத்துத் தொட்டியில் வையுங்கள். குஞ்சுகள் அன்றே உள்ளே போய்விடும். உணவையும் அதன் மேலேயே விடலாம், சுத்தம் செய்யும்போது அதைச் சுற்றி மட்டும் உறிஞ்சாமல் தள்ளி உறிஞ்சலாம். பெரிய தொட்டியிலும் ஒன்று வைத்தால் ஜோடி அதையே வீடாக்கிக்கொள்ளும்.

கூட்டமாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு

அவர்களுக்குப் பங்கை சரிவராது. பைஜாமா கார்டினல் பொருந்தும். மஞ்சள் முகம், சிவப்புக் கண், பின்பாதியில் செம்புள்ளிகள். 200 லிட்டரில் நான்கைந்து அமைதியாக இருக்கும், சண்டை குறைவு. ஆணின் வாயில் முட்டை ஒரு வாரம்தான் இருக்கும். வெளிவருவது நீரில் மிதக்கும் நுண்குஞ்சு. அதற்கு இரையாக ரோட்டிஃபர், கோபிபாட் என்ற மிக நுண்ணிய மிதவை உயிர்களை வளர்க்க வேண்டும், வீட்டில் தேற்றுவது மிகக் கடினம்.

ஆணுக்கு ஓய்வு

பங்கை ஜோடி நன்றாக அமைந்துவிட்டால் நிறுத்தாது. குஞ்சு வெளியே வந்து சில நாளிலேயே பெண் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும்; ஆண் மறுபடி ஒரு மாதம் பட்டினி. இப்படி நான்கு ஈடு தொடர்ந்தால், முதுகு ஒட்டி, தலை பெருத்து, ஒரு நாள் ஆண் செத்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் ஆணை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து, அல்லது தொட்டியில் துளையிட்ட தடுப்பு வைத்து, நாளுக்கு மூன்று முறை மைசிஸ் கொடுத்துத் தேற்றுங்கள். முதுகுச் சதை பழையபடி உருண்டு வந்ததும் தடுப்பை எடுக்கலாம்.

மூன்று நான்கு மாதத்தில் குஞ்சுகள் 3 செ.மீ. தொடும், அப்போது அவற்றைப் பிறருக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முந்தைய நாள் முழுக்க உணவு வேண்டாம், பையில் கழிவு சேராது. ஒரு பையில் ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன், வெளியே கருப்புக் காகிதம். வாங்குபவர் ஜோடி சேர்க்க நினைத்தால், உங்கள் ஈட்டிலிருந்து ஒன்றும் வேறொருவர் ஈட்டிலிருந்து ஒன்றுமாக வாங்கச் சொல்லுங்கள். எந்த ஜோடியின் குஞ்சு, எந்தத் தேதியில் வெளிவந்தது என்று பையின் மேல் எழுதிக் கொடுங்கள்.